பரீட்சை அறை வாசலில் வஞ்சிரம்

ஓட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஓய்வு பெற்ற பின்னும் உங்களுக்குப் பாடம் நடத்த வரும் என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், எந்த யுனிவர்சிட்டி சர்டிபிகேட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி?" என்பதுதான். எந்தப் பாடம் படிக்கலாம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கைப்பேசியைத் திறந்து, வாங்கி வைத்திருப்பதை எல்லாம் கல்யாண ஆல்பம் போலக் காட்டுகிறீர்கள். எல்லாம் கேள்விப்பட்ட பெரிய பெரிய பெயர்கள். உங்களில் ஒருவர், பாட வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போவதாக என்னிடமே பெருமையாகச் சொன்னார். அந்தப் பேராசிரியர் பாவம், காலியான அறையில் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஐம்பதைத் தாண்டிய பிறகு. அது வந்த கதையைச் சொல்கிறேன். வேலை நேரத்தில் சொன்னால் உங்கள் மேலாளர் என்னைத் திட்டுவார், அதனால் எழுதியே தந்துவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் படாளம். அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் கழனியில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் சேர்ந்து, மெல்ல மெல்லச் சமையலறைச் சுகாதார மேற்பார்வையாளர் ஆனேன். பெயர் பெரிது, அதிகாரம் சிறிது. வந்த பாலையும் கறியையும் மீனையும் நான் பார்ப்பேன், வெப்பமானியைக் குத்திப் பார்ப்பேன், கருத்துச் சொல்வேன். கருத்து மட்டும்தான். எடுப்பதா, திருப்பி அனுப்புவதா என்ற முடிவு தலைமைச் சமையல்காரருடையது. நான் வேண்டாம் என்ற எத்தனையோ பொருட்கள் என் கண்ணெதிரே அடுப்புக்குப் போயிருக்கின்றன. அந்த எரிச்சலை வீட்டுக்கு எடுத்துப் போய், பாத்திரங்கள் மேல் காட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் புதிதாக ஒரு பதவியை அறிவித்தது. எங்கள் குழுமத்தின் எல்லா ஓட்டல்களுக்கும் சேர்த்து ஒரு சுகாதார மேலாளர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் எந்தச் செஃப்பும் பேச முடியாது. எனக்குத் தரத் தயார் என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. பேர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி அடுத்த மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்று வெறியே இருந்தது. தன்னடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. தனி அறைக்கோ சுழல் நாற்காலிக்கோ ஆசைப்படவில்லை, "வேண்டாம்" என்று நான் சொன்னால் வண்டி திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிப் படிப்பில் சேர்ந்தேன், படிப்பெல்லாம் செங்கல்பட்டிலிருந்து வரும் ஊழியர் பேருந்தில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் பாடம் கேட்பேன். பேராசிரியை நல்ல பெண்மணி. ஆனால் அவர் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் பனி கொட்டிக்கொண்டிருக்கும். வான்கோழியை எப்படி ஆற வைப்பது என்று ஒரு வாரம் முழுக்கச் சொன்னார். நான் வான்கோழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்யாணப் பிரியாணி அண்டாவை வைத்துப் புரிந்துகொண்டேன். பனியை எடுத்துவிட்டுத் திருக்கழுக்குன்றத்து வெயிலை வைத்தேன். பாடம் நன்றாகவே பொருந்தியது.

அதில் ஒரு பாடம் என்னை உலுக்கியது. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் உள்ளே ஹிஸ்டமின் என்று ஒரு பொருள் ஊறும். மீன் பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும், வாடையும் வராது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவர்களுக்குச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுக்கும், சிலருக்கு மூச்சே திணறும். இத்தனை வருடமும் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்தப் பாடத்தை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டேன்.

பாடங்கள் முடிந்தன. கடைசியில் தேர்வு. அதுதான் சங்கடம். கணினியின் கேமரா முன் உட்கார வேண்டும். எங்கோ ஒரு தேசத்திலிருந்து கண்காணிப்பாளர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வாய் பேசக் கூடாது. நாற்காலியை விட்டு எழக் கூடாது. மூன்று முறை எச்சரிக்கை வாங்கினால் தேர்வு ரத்து. எழுந்து வெளியே போனால் எச்சரிக்கைக்குக்கூட வழியில்லை, உடனே ரத்து.

படாளத்தில் என் வீட்டில் எழுத முடியாது. கதவைச் சாத்தினால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்க்க வந்துவிடுவார்கள். அதனால் ஓட்டலிலேயே, சமையலறைக்குப் பின்னால் இருந்த பயிற்சி அறையைக் கேட்டு வாங்கினேன். தேர்வு அன்று கடற்கரைப் புல்வெளியில் ஒரு பெரிய கல்யாண விருந்து. இருந்தாலும் எனக்கு விடுப்புத் தந்தார்கள்.

எனக்குத் தேர்வு என்றதும் சமையலறையே மாறிப்போனது. பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிவி ஓடாது, சண்டை நடக்காது, கெட்ட சேதி எது வந்தாலும் பரீட்சை முடியும்வரை அந்தப் பிள்ளை காதுக்குப் போகாது. அதே மரியாதையை ஐம்பது வயது கடந்த எனக்குத் தந்தார்கள். இதற்கெல்லாம் தலைவன் தனசேகர். மதுராந்தகத்துக்காரர், இரண்டாம் நிலைச் சமையல்காரர், என்னிடம் நிறையத் திட்டு வாங்கியவர், என் மேல் உயிரையே வைத்திருந்தவர். காலையில் தயிரில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்.

"சாப்ட்டு உள்ள போங்க மேடம். வெளிய இன்னா ஆனாலும் நான் பாத்துக்கறேன். உங்க காதுல ஒரு ஈகூட பூராது."

"கல்யாண வேலை இருக்கே தனசேகர்?"

"அது கெடக்குது மேடம். நீங்க பாஸ் பண்ணிட்டு வந்து என்னைத் திட்டுங்க, போங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். கணினியைத் தூக்கி நாலு சுவரையும் மேசைக்கு அடியிலும் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். தேர்வு தொடங்கியது. ஐந்து கேள்வி தாண்டியிருக்காது, திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. "நீங்கள் யாருடன் பேசுகிறீர்கள்?" நான் பேசவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் "ஏசப்பா" என்று முணுமுணுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அவரை அறையை விட்டு வெளியே அனுப்புங்கள் என்று எழுதிவிடுவார்களோ என்று ஒரு பயம். ஜெபம் செய்தேன், இனி மனதுக்குள் செய்கிறேன் என்று பதில் போட்டேன். முதல் எச்சரிக்கை என்று வந்தது.

இரண்டாவது எச்சரிக்கை, ஆங்கிலத்தை உதடசைத்துப் படித்ததற்கு. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், ஆங்கிலக் கேள்வி நீளமாக இருந்தால் உதடு தானாக அசையும். அதற்கப்புறம் உதட்டைப் பல்லுக்கு அடியில் கடித்துக்கொண்டே எழுதினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முக்கால்வாசி முடித்துவிட்டேன்.

அந்த அறையின் ஜன்னல், சரக்கு இறக்கும் முற்றத்தைப் பார்த்த ஜன்னல். வண்டி ஒன்று பின்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு சரக்கு வாங்கும் ஏழுமலையின் குரல்.

"அண்ணாத்த, இன்னா இது, ஐஸ் எல்லாம் தண்ணியாகீது. வஞ்சிரத்தத் தொட்டா வெதுவெதுன்னு கீதே."

"வண்டி கூடுவாஞ்சேரியாண்ட மக்கர் பண்ணி நின்னுடுச்சாம்டா." இது தனசேகர். "கண்ணப் பாரு, பளபளன்னு கீது. நாத்தமும் இல்ல."

"டெம்பரேச்சர் பாக்கணுமே. மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"வாய மூடு. மேடம் பரீட்சை எழுதிகினு கீறாங்க. இன்னிக்கு அவங்க காதுல ஒண்ணும் போடக் கூடாது. செஃப்பு சரின்னுட்டாரு. நல்லா மொறுமொறுன்னு வறுத்துட்டா எல்லாம் செத்துடும். உள்ள தூக்கு."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் சோம்பேறித்தனத்தாலோ திமிராலோ அப்படிச் செய்யவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கேட்டேன் என்பதும் யாருக்கும் தெரியாது. நான் அப்படியே உட்கார்ந்து மீதித் தாளையும் எழுதியிருந்தால் என்னை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க முடியாது. விடுப்பில் இருந்தவள் நான்.

மனம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் என்று அன்று பார்த்தேன். கத்திக் கூப்பிடலாமா? மூன்றாவது எச்சரிக்கை. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடலாமா? அதற்குள் துண்டு போட்டு மசாலா தடவிவிடுவார்கள். மசாலா தடவின மீனைத் திருப்பி அனுப்பிய செஃப்பை நான் பார்த்ததே இல்லை. வெள்ளையாகக் கிடக்கும் மீன் சப்ளையருடையது, சிவந்துவிட்டால் அது நம்முடையது. அதற்கு முன்னால் நிறுத்தினால்தான் உண்டு. வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சின்னக் குழந்தைகள் புல்வெளியில் ஓடி விளையாடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"மன்னிக்கவும், அவசரம்" என்று திரையில் தட்டினேன். எழுந்தேன். கதவைத் திறக்கும்போதே கணினி 'டங்' என்று ஒரு சத்தம் போட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லாததால் அழவில்லை.

என்னைப் பார்த்ததும் தனசேகர் பேயைப் பார்த்தவர் போல ஆனார். "மேடம்! இன்னா மேடம் எந்திரிச்சு வந்துட்டீங்க? போங்க, உள்ள போங்க!"

நான் பதில் சொல்லாமல் ஏழுமலையிடமிருந்து வெப்பமானியை வாங்கி ஒரு மீனின் நடுச் சதையில் குத்தினேன். இருக்க வேண்டியதைவிட எங்கேயோ மேலே நின்றது. வேறு இரண்டு மீன்களிலும் அதே கதை. நேராகத் தலைமைச் சமையல்காரரிடம் போனேன். அவர் பெயர் வேண்டாம். ஊரே பயப்படும் மனிதர். கரண்டியைப் பிடித்த விதத்தை வைத்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவார். எனக்குத் தொழிலில் பாதியைக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

"சார், வஞ்சிரம் வேண்டாம். அதுல ஊறியிருக்கறது வறுத்தாலும் போகாது."

"நான் மோந்து பார்த்துட்டேன் ஜெசிந்தா. நல்லா இருக்கு. பொண்ணோட அப்பா வஞ்சிரம்தான் வேணும்னு நிக்கிறாரு. முடிவு என்னோடது."

"உங்க முடிவுதான் சார், நான் மறுக்கல. நான் பரீட்சைய விட்டுட்டு வந்திருக்கேன். அத மட்டும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பதவி எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அது வந்தால் அவருடைய முடிவுக்கு மேல் என் முடிவு நிற்கும் என்பதும் தெரியும். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏழுமலை, வண்டிய திருப்பு," என்றார்.

அப்புறம் நடந்தது வழக்கமான கூத்து. தனசேகர் பக்கத்து மீனவர் குப்பத்துக்கு ஓடினார். அப்போதுதான் கரைக்கு வந்த சங்கரா மீனைக் கூடை கூடையாக ஐஸில் புதைத்துக் கொண்டுவந்தார். குளிர் அறையிலிருந்து இறாலை எடுத்தோம். பெண்ணின் அப்பா இலையைப் பார்த்துவிட்டு, "வஞ்சிரம்னுதானே பேச்சு?" என்று முறைத்தார். தனசேகர் கொஞ்சமும் அசரவில்லை. "சார், வஞ்சிரம் நீங்க கீற ஊர்லயே கெடைக்கும். கடல்லேர்ந்து நேரா எலைக்கு வர்றது இங்க மட்டும்தான் சார்." அவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லோரும் நல்லபடியாகச் சாப்பிட்டார்கள், பாடினார்கள், வீடு போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாத ஒன்றுக்காக யாரும் நம் கையைக் குலுக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் அது பழகிவிடும்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. தேர்வு ரத்து, அது நான் எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியைப் படித்ததும் பேருந்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது. பதிவில் அறைக்கு வெளியே இரண்டு ஆண் குரல்கள் கேட்கின்றனவாம். ஐஸ், டெம்பரேச்சர், செஃப் என்று தேர்வுப் பாடத்தைப் பேசுகின்றனவாம். வெளியாட்கள் எனக்கு விடை சொல்லித் தந்ததாகச் சந்தேகமாம். விளக்கம் சரியில்லை என்றால் இனி அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் தேர்வும் எழுத முடியாதாம்.

தேர்வு போனதைப் பொறுத்துக்கொண்டேன். காப்பியடித்தவள் என்ற பேரைப் பொறுக்க முடியவில்லை. படாளத்திலிருந்து படித்து வந்தவள் நான், பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்த்ததில்லை.

கோபம் தணிந்ததும் தனசேகரையும் ஏழுமலையையும் உட்கார வைத்தேன். அன்று பேசியதை ஒரு சொல் விடாமல் மறுபடி சொல்லச் சொல்லி, தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். தனசேகருக்கு முகம் தொங்கிவிட்டது.

"மேடம், 'மேடத்த கேக்கலாம்'னு சொன்னது நான்னு மாத்திடலாமா? ஏழுமலைக்கு இன்னா, அவன் கோச்சுக்க மாட்டான்."

"ரெக்கார்டிங் அவங்ககிட்ட இருக்கு தனசேகர்."

"அவங்களுக்குத் தமிழ் இன்னா தெரியும்?"

"தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க. நீ சொன்னத நீ சொன்னதாவே போடு."

அனுப்பினேன். கூடவே, வெப்பமானியில் என்ன பார்த்தேன், மீனை என்ன செய்தோம் என்பதையும் எழுதினேன். பிறகு காத்திருந்தேன். மாதக் கடைசி நெருங்க நெருங்க, நிர்வாக அலுவலகத்திலிருந்து "சான்றிதழ் வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளியாட்களுக்கு நேர்காணல் வைக்க நாள்கூடக் குறித்துவிட்டார்கள். தனசேகர் தினமும் என் மேசையில் காபி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவார்.

பதில் வந்தது. மறுதேர்வுக்கு அனுமதித்திருந்தார்கள். அந்த வாரமே எழுதினேன், தேறினேன், சான்றிதழைக் கெடுவுக்குள் காட்டினேன். ஓய்வு பெறும்வரை அந்தப் பதவியில் இருந்து, எத்தனையோ வண்டிகளைத் திருப்பி அனுப்பினேன். அந்தச் சான்றிதழை வீட்டில் எங்கே வைத்தேன் என்று கேட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பதில் கடிதம் மட்டும் இன்றைக்கும் என் கைப்பேசியில் இருக்கிறது. அது வந்த அன்று மதியம், ஊழியர் உணவுக்கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று அதைத் தமிழில் சொன்னேன்.

"பதிவைத் தமிழ் அறிந்த ஒருவரைக் கொண்டு கேட்டோம். வெளியே பேசியவர்கள் சொன்ன விஷயம் எங்கள் வினாத்தாளில் இருப்பது உண்மை. தேர்வர் அந்தக் கேள்விக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வெளியே பேசியவர்கள் அதற்குச் சொன்ன விடை தவறு. தேர்வர் எழுந்து போனதுதான் சரியான விடை. ஆனாலும் விதிப்படி அவர் மீண்டும் எழுத வேண்டும்."

மூலையில் இருந்த தலைமைச் சமையல்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தனசேகர் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடி யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அப்போ மேடம், பரீட்சையே எழுதாம நான் ஃபெயிலா?"

"ஃபெயில்தான் தனசேகர்."

"அவ்ளோ பெரிய யுனிவர்சிட்டிலயா?"

"அவ்ளோ பெரிய யுனிவர்சிட்டிலதான்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "எப்டி சேர்றதுன்னு சொல்லுங்க மேடம்," என்று கைப்பேசியை என் முன்னால் வைத்தார். "ஃபெயிலானத அப்டியே வுட்டுட்டுப் போனா எங்க வூட்ல மானம் போயிடும்."